எந்தப் பல்லியை வாங்குவது?

சென்ற ஆண்டு நவம்பரில், ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதி முடித்திருக்க வேண்டிய மாதத்தில், நான் பல்லி வாங்குவதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் கடந்த வாரம் முதுகலை மாணவர்கள் இருவர் தனிச்செய்தியில் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தனர்: "அக்கா, நீங்க கெக்கோ வளக்கிறீங்களாமே, கலரா இருக்கணும், எது வாங்கலாம்?" நான் வளர்க்கவில்லை. வளர்க்க முனைந்து, முன்பணம் கொடுத்து, பெட்டி வாங்கி, பின்பு நின்றுவிட்டேன். அந்தக் கதையைச் சொன்னால் அவர்களுக்குப் பாதி விடையாவது கிடைக்கும். பதிவு நீளமானது, பொறுத்தருள வேண்டும்.

மத்திகெரேயில் மூன்றாம் மாடியில் ஓர் ஒற்றையறை. நாயும் பூனையும் கூடாதென்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. கோலார் தங்கவயல் தமிழைப் பற்றிய ஒலிப்பதிவுகளை இரவெல்லாம் எழுத்துப்பெயர்ப்புச் செய்துகொண்டிருப்பேன். அறையில் பேசுவோர் பலர். ஆனால் எல்லோரும் காதொலிப்பானுக்குள் இருப்பவர்கள். மூச்சுவிடும் ஓர் உயிர் உடனிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றிய ஓர் இரவில், கைப்பேசித் திரையில் ஒரு பல்லியின் படம் வந்தது. எலுமிச்சை மஞ்சளின் மேல் பனி படர்ந்ததுபோன்ற உடல். மூடித் திறக்கும் இமைகள். சிரிப்பது போன்ற வாய். அதன்பின் மூன்று வாரங்கள் வேறெதையும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

முதலில் வீட்டுக்கார அம்மாவிடம் அனுமதி கேட்டேன். கன்னடத்தில்தான் கேட்டேன். தமிழின் சொல்முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்ததை மொழியியல் மாணவர்கள் முதற்பருவத்திலேயே படிப்போம்: பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. ஆகவே பல்லி ஹல்லி. விதி சரி, என் நாக்குத்தான் பிசகியது. லகரத்தைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலும். "ஹள்ளியா? எந்த ஹள்ளியம்மா வாங்கப்போற?" என்று அவர் வியந்தார். நம் பள்ளி அவர்களுக்கு ஹள்ளி. ஹள்ளி என்றால் கிராமம். உதவித்தொகையில் காலம் தள்ளும் ஆய்வு மாணவி கிராமத்தை விலைபேசுகிறாள் என்று எண்ணிவிட்டார். விளக்கியபின் அவருடைய வியப்பு இரட்டிப்பாயிற்று. சுவரில் இருப்பதைக் காட்டி, "இது போதாதா?" என்றார்.

குடியாத்தத்திலிருந்து அம்மாவும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார். "பல்லியைக் காசு குடுத்து வாங்குவியாடி? தலையில விழுந்தா என்ன பலன்னு காலண்டர்ல பாத்துட்டு வாங்கு." எங்கள் வீட்டு நாட்காட்டியின் பின்பக்கத்தில் உச்சி முதல் கணுக்கால் வரை ஒவ்வோர் உறுப்புக்கும் பலன் அச்சிட்டிருக்கும். பல்லிக்கு நாம் கொடுத்த இடம் வேறு. நற்றிணையில் ஒரு காட்டுப்பன்றிகூடத் தினைப்புனத்துக்குள் நுழையுமுன் பல்லியின் ஒலியைக் கேட்டுத் திரும்பிவிடுகிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் பொன்னும் வெள்ளியுமான பல்லிகளைத் தொட மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். பல்லி நமக்குச் சொல்லும் உயிர். நிறத்துக்காக அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. வெள்ளையர் நாவில் அது கெக்கோ ஆனதும் மலாய் மொழியின் ஒலிக்குறிப்புச் சொல்லொன்றிலிருந்துதான். அங்கேயும் காதுதான் முந்தியது. கண்ணால் பல்லியைத் தேர்ந்தெடுப்பது எனக்கே புதிய பழக்கமாக இருந்தது.

சரி, தேர்வுக்கு வருகிறேன். வண்ணம் வேண்டும், வீட்டில் வளர்க்க வேண்டும் என்றால் பெரும்பாலோர் போய்ச்சேரும் இடங்கள் மூன்று.

முதலாவது சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஆகிய வறண்ட பகுதிகளின் இனம். சுவரேறாது; விரல்களில் ஒட்டும் மெத்தை கிடையாது. அந்திக்குப் பிறகுதான் நடமாட்டம். கையில் எடுத்தால் பொறுத்துக்கொள்ளும். பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட வாழும். ஆய்வேட்டை முடித்து, வேலை தேடி, ஊர் மாறி, மீண்டும் மாறும்போதும் அது கூடவே வரும் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 பாகை வெப்பம் இருந்தாக வேண்டும். பெங்களூரின் திசம்பர் இரவு 15 பாகைக்கு இறங்கும். ஆகவே சூடேற்றும் விரிப்பும் அதைக் கட்டுப்படுத்தும் கருவியும் இன்றியமையாதவை. உயிருள்ள சிள்வண்டுகள், அவற்றின்மேல் தூவச் சுண்ணாம்புச்சத்துப் பொடி, தோலுரிக்கும் காலத்தில் ஒளிந்துகொள்ள ஈரமான ஒரு பொந்து.

இரண்டாவது, கண்ணுக்குமேல் முட்களை இமைமயிர்போல் வரிசையாகக் கொண்ட கொண்டைப் பல்லி. நியூ கலிடோனியாத் தீவினது. அழிந்துவிட்டதென்றே பலகாலம் கருதப்பட்டு 1994இல் மீண்டும் காணப்பட்டது. அதற்கு 28 பாகைக்கு மேல் ஆகாது. பெங்களூர்க் குளிர் அதற்கு இதம். பழக்கூழ் தின்னும். வாலை ஒருமுறை உதறிவிட்டால் மீண்டும் முளைக்காது.

மூன்றாவதுதான் உண்மையான வண்ணம்: மடகாசுகரைத் தாயகமாகக் கொண்ட பகற்பல்லிகள். வாழைக்குருத்துப் பச்சை, முதுகில் குங்குமத் தீற்று. ஆனால் தொடக்கூடாது, பிடித்தால் மென்மையான தோல் உரிந்து கையோடு வந்துவிடும். புற ஊதா விளக்கு வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவே. இந்தப் பேரினத்தின் உறவொன்று அந்தமானில் வாழ்கிறது. மடகாசுகர்ப் பக்கத்து மூதாதை இந்தியப் பெருங்கடலைத் தாண்டி எப்படியோ அங்கே கரையேறியிருக்கிறது. போர்ட் பிளேரில் வளர்ந்த தோழியொருத்திக்கு அது வீட்டுப்பின்புறத்து வாழையில் தினமும் காணும் பல்லி. "அதையா காசு குடுத்து வாங்குறாங்க?" என்று அவளும் கேட்டாள். இந்தக் கேள்வியைக் கேட்காதவர் நான் அறிந்த வட்டத்தில் யாருமில்லை.

பட்டியலை எடுத்துக்கொண்டு, ஊர்வன பற்றி ஆய்வு செய்யும் நண்பர் ஒருவரிடம் போனேன். அவர் திருநெல்வேலிக்காரர், அறிவுரை சொல்லும் வழக்கம் இல்லாதவர். தேநீர் குடித்துக்கொண்டே இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று தான்சானியாவின் நீலக் குறும்பல்லி. ஆண் அப்படியே மின்னும் நீலம். நான் பட்டியலில் மேலே எழுதியிருந்ததும் அதைத்தான். கிம்போசா என்னும் காட்டிலும் அருகிலுள்ள சில காட்டுத் துண்டுகளிலும் மட்டுமே வாழ்வது, அதுவும் தாழையினத்து மரங்களில். பல்லியைப் பிடிக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். 2004க்கும் 2009க்கும் இடையில் ஒரே ஒரு குழு மட்டும் 30,000க்கு மேற்பட்ட பல்லிகளைப் பிடித்திருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மற்றொன்று வியட்நாமின் ஹோன் கோவாய்த் தீவுப் பல்லி: செம்மஞ்சள் கால்கள், நீலச்சாம்பல் உடல், கழுத்தில் மஞ்சளும் கருங்கோடுகளும். 2010இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பியச் சந்தையில் விற்பனைக்கு வந்துவிட்டது. 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டீஸ் மாநாடு இரண்டையும் முதல் இணைப்பில் சேர்த்தது. அதாவது காட்டில் பிடித்தவற்றின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை.

பெயர் வைத்ததும் சந்தைக்கு வந்தது என்ற செய்தி என்னை நிறுத்தியது. ஆய்வுக் கட்டுரையை யார் படிக்கிறார்கள் என்று நாம் வழக்கமாக அலுத்துக்கொள்வோம். படிக்கிறார்கள். சீன–வியட்நாம் எல்லைப்பகுதியில் ஒரு பல்லியினம் 1999இல் விவரிக்கப்பட்டது. கட்டுரையில் கிடைத்த இடமும் இருந்தது. பிடிப்பவர்கள் அந்த இடத்தைத் தேடிப் போய், முதன்முதலில் கண்டெடுக்கப்பட்ட குன்றில் அது அற்றுப்போகும்வரை அள்ளினார்கள். 2006இல் 'சயன்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் சிலர் ஒரு கடிதம் எழுதினார்கள். அறிவியல் விவரணையே ஓர் இனத்தை ஆபத்துக்குள்ளாக்கலாம் என்பதே அதன் தலைப்பு. அந்தப் பல்லியை விவரித்தவர்களில் ஒருவரும் அதில் கையெழுத்திட்டிருந்தார். அதன்பின் பலர் இடத்தை மறைத்தே எழுதுகிறார்கள். நானும் என் தரவுகளில் பேச்சாளரின் பெயரை அழித்துக் குறியெண் இட்டுத்தான் வைத்திருக்கிறேன். நண்பரும் தம் பல்லிகளுக்கு அதையே செய்கிறார் என்று அன்றுதான் அறிந்தேன்.

சட்டத்தையும் அவரே சொன்னார். 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. சைட்டீஸ் பட்டியலிலுள்ள உயிர்கள் இப்போது அதன் நான்காம் அட்டவணையில் வருகின்றன. அவற்றை வைத்திருப்போர், பெறுவோர், கைமாற்றுவோர், குஞ்சு பொரித்தாலும் சரி, 2024இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையவாயிலில் பதிவு செய்ய வேண்டும். பகற்பல்லிகள் அனைத்தும் இதில் அடங்கும். "எந்த இனமானாலும், வாங்குறதுக்கு முன்னாடி அதோட காகிதத்தை எழுத்துல கேளு" என்றார். "வளர்ப்பிலே பொறந்ததுன்னு வாயால எல்லாரும் சொல்லுவாங்க."

எனவே நல்ல மாணவியைப்போல் பகற்பல்லியை அடித்துவிட்டுச் சிறுத்தைப் பல்லிக்குத் திரும்பினேன். அது பல பத்தாண்டுகளாக உலகெங்கும் வளர்ப்பிலேயே பெருகிவரும் இனம். காட்டைச் சுரண்டிய பாவம் என்மேல் வராது என்று கணக்குப் போட்டேன். முதலிரவில் திரையில் கண்ட எலுமிச்சைப் பனியும் அதுதான். நகரின் கிழக்குப் புறநகரில் ஓர் இளைஞர் தம் வீட்டிலேயே வளர்த்து விற்கிறார் என்று தெரிந்து, ஐயாயிரம் ரூபாய் முன்பணம் அனுப்பினேன். பெட்டி, விரிப்பு எல்லாம் வந்துசேர்ந்தன.

சிறுத்தைப் பல்லி வளர்ப்போரின் உலகில் வண்ண வகைகளுக்கு 'மார்ஃப்' என்று பெயர். எங்கள் துறையில் அதே சொல்லை உருபு என்போம். இரண்டுக்கும் வடிவம் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லே மூலம். அந்தப் பெயர்ப்பட்டியலைப் படிப்பது எனக்கு இன்பமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டேன்ஜரின், பிளிஸார்ட், எனிக்மா, லெமன் ஃப்ராஸ்ட். ஒன்றோடொன்று கூட்டினால் புதுப்பெயர், புதுவிலை. ஒட்டுநிலை மொழிபோல் அடுக்கிக்கொண்டே போகலாம். பெயர்களின் இலக்கணத்தை ஆராயப் போய்த்தான், பெயருக்குள் இருந்ததைக் கண்டேன். எனிக்மா வகையில் பல பல்லிகளுக்குச் சமநிலை கெட்டிருக்கும்; தலையைச் சாய்த்து, ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், இரையைக் குறிபார்த்துக் கவ்வ இயலாது. அந்தப் புள்ளிகளின் அழகும் இந்தத் தலைச்சுற்றலும் ஒன்றாகவே மரபில் இறங்குகின்றன.

லெமன் ஃப்ராஸ்டின் கதை இதனினும் தெளிவானது. பல்லியின் தோலில் ஒளியைத் தெறிக்கச்செய்யும் உயிரணுக்கள் உண்டு. அவற்றினுள் இருப்பவை குவானின் படிகங்கள். நம் மரபணு எழுத்துகள் நான்கில் ஒன்றாகிய அதே குவானின். அந்த உயிரணுக்கள் மிகுதியாகப் பெருகினால் தோல் வெளுத்துப் பனிபடர்ந்ததுபோல் தோன்றும். பெருக்கம் நிற்காவிட்டால் கட்டியாகும். 2021இல் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நிறத்தை ஸ்பின்ட்1 என்னும் மரபணுவரை தொடர்ந்து சென்றார்கள். இந்த வகைப் பல்லிகளில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை தோல்கட்டிக்கு ஆளாகின்றன. திரிபு ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும், நிறம் வந்துவிடும். நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நோயை விட்டுவிட முடியுமா என்று பார்த்தார்கள். முடியவில்லை. நான் விரும்பிய பனியும் அந்தக் கட்டியும் ஒரே உயிரணுக்களால் ஆனவை.

இதைப் படித்தபோது முன்பணம் போய் ஒன்பது நாளாகியிருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். உண்மையில், பார்த்தால் வாங்கிவிடுவேன் என்பது எனக்குத் தெரியும், அதற்காகவே போனேன்.

நெகிழிப் பெட்டிகள் அலமாரி இழுப்பறைகளைப்போல் வரிசையாக இருந்தன. தூய்மையான இடந்தான். இளைஞர் கொடியவரல்லர், ஒவ்வொரு பல்லிக்கும் பெயர் வைத்திருந்தார். எனக்குரியதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது இமையை மூடித் திறந்து என் கட்டைவிரலை ஒருமுறை நக்கியது. திருப்பிப் பார்த்தேன். அடிவயிற்றில், தொடைக்கு அருகில், அரிசிமணி அளவில் இரண்டு வெண்புடைப்புகள்.

"அது ஒண்ணும் இல்ல மேடம், கொழுப்புதான்" என்றார்.

2018இல் என் அம்மா தம் கக்கத்தில் இருந்த கட்டியைத் தொட்டுக்காட்டியபோது பக்கத்துவீட்டுக்காரர், உறவினர், முதலில் பார்த்த மருத்துவர் எல்லோரும் சொன்ன சொல் அது. கொழுப்புதான். ஓராண்டு அந்தச் சொல்லை நம்பினோம். அறுவையும் மருந்துமாக அதன்பின் ஓடிய இரண்டு ஆண்டுகளை இங்கே எழுதப்போவதில்லை. அம்மா இன்று நலம். அந்த இளைஞர் பொய் சொன்னாரா, அவருக்கே தெரியாதா என்று எனக்கு இன்றும் உறுதியில்லை. என் கை நடுங்கியது. பல்லி விழுந்துவிடக்கூடாதென்று திருப்பிக் கொடுத்தேன்.

வெளியே வந்து நண்பரை அழைத்தேன். இதையே வாங்கி, இருக்கும்வரை நன்றாகப் பார்த்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். அவர் சிறிதுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "பாத்துக்கலாம். ஆனா உன் பணத்துல அவர் அடுத்த ஜோடியைச் சேத்து வைப்பார்" என்றார். வாங்கவில்லை. முன்பணம் திரும்பி வரவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை. நான் வாங்காததால் அந்தப் பல்லிக்கு என்ன நன்மை என்று யாராவது கேட்டால் என்னிடம் விடை இல்லை. அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தச் சொல்லை மட்டும் தவிர்த்து. முடிவில் அவர் கேட்டது: "அது நல்லா சாப்புடுதா?"

சாப்பிடுகிறது என்றுதான் சொன்னேன். அவர் கையில் வைத்திருந்த புழுவை அது ஆவலோடு கவ்வியதை நான் பார்த்தேன்.

வண்ணப் பல்லி வேண்டும் என்று கேட்ட மாணவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2024இல் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்திலிருந்து ஒரு பல்லி விவரிக்கப்பட்டது. ஆணின் தலையும் முன்னுடலும் மஞ்சள். முதுகில் வெளிர்நீலப் புள்ளிகள். வான்கோவின் விண்மீன் இரவு ஓவியத்தை நினைவூட்டியதால் கண்டறிந்தோர் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். என் அப்பாவின் ஊர் ராஜபாளையம். பள்ளி விடுமுறைகளில் அந்த மலையடிவாரத்துப் பாறைகளில் ஏறி விளையாடியிருக்கிறோம். அதைப் பார்த்தோமா என்று நினைவில்லை, பார்த்திருந்தால் பல்லி என்றிருப்போம். இன்னொன்று, கிழக்குத்தொடர்ச்சி மலையின் தங்கப்பல்லி. திருமலைப் பாறையிடுக்குகளில் வாழ்வது. தெலுங்கில் பங்காரு பல்லி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பொன்னாய் மின்னும். பல பெண்பல்லிகள் ஒரே பாறையில் கூட்டாக முட்டையிடும். சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதைப் பிடிக்கவோ வைத்திருக்கவோ கூடாது. காலையில் பேருந்தேறினால் போய்ப் பார்த்துவிட்டு இரவு திரும்பலாம், அது நமக்குத் தெரியும்படி வெளியே வந்தால்.

பெங்களூருக்கே உரிய பகற்பல்லியும் உண்டு. 1853இல் ஜெர்டன் என்னும் சென்னைப் படைமருத்துவர் மைசூரின் பெயரைச் சூட்டி விவரித்தது. விரற்கடை நீளம், பழுப்பு நிறம், வட்டமான கண்மணி. ஆய்வு வளாகத்து மரமொன்றின் அடிப்பகுதியில் நண்பர் காட்டியபோது, காட்டிய பிறகும் எனக்கு அது தெரியச் சில நொடிகள் ஆயின. வண்ணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நேற்றும் போய்ப் பார்த்தேன்.

பெட்டியை வீட்டுக்கார அம்மா வாங்கிக்கொண்டு அதில் கொத்தமல்லி விதைத்திருக்கிறார். சூடேற்றும் விரிப்பு விற்கவில்லை. யாருக்கேனும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாதி விலை. மூன்றாம் இயல் பிப்ரவரியில் முடிந்தது. சனவரிக் குளிரில் அறையில் இணையம் அடிக்கடி அறுந்தது. சரிபார்க்க வந்தவர் ரவுட்டரைச் சுவரிலிருந்து கழற்றினார். அதன் பின்னால், வெதுவெதுப்பான நெகிழியோடு ஒட்டி, சாம்பல் நிற வீட்டுப்பல்லி ஒன்று. அவர் பின்வாங்கி, "மேடம், ஹல்லி!" என்றார். லகரம் மிகச் சரியாக இருந்தது. அதை எடுக்க வேண்டாம், ரவுட்டரை மட்டும் மெதுவாக மாட்டிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.